கெச்சப் இல்லாத கடை

சாப்பாட்டுக் கடை வைத்தவனுக்கு ஊரில் இருக்கிற அத்தனை நாக்கும் முதலாளி.

நான் கூடுவாஞ்சேரியில் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். இடது பக்கம் மொபைல் ரிப்பேர், வலது பக்கம் மனை விற்கிறவர் ஆபீஸ். ஜெனோவா என்கிற துறைமுக ஊரில், ஒரு குடும்பம் நடத்திய கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, வெங்காயம் அரிந்து, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்றவன் நான். அங்கே கற்றதை அப்படியே இங்கே போடுவேன் என்று வந்தேன். முதல் பணத்தில் பாதியை என் மனைவியின் தம்பி பாலாஜி போட்டான். அவன் கல்லாவில், நான் அடுப்படியில். அவன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: தீபாவளி வரைக்கும் என் இஷ்டம்; அதற்குள் கடை சூடு பிடிக்காவிட்டால் வாசலில் ஷவர்மா மெஷின் வந்துவிடும். நான் வைத்த நிபந்தனையும் ஒன்றுதான்: கடைக்குள் கெச்சப் வராது.

மெஸ் நடத்துகிறவர்களே, பேக்கரி வைத்திருப்பவர்களே, முக்கியமாக மச்சானோடு கூட்டுத் தொழில் செய்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

முதல் நாள், முதல் மேஜை

பொத்தேரியிலிருந்து காலேஜ் பையன்கள் நாலு பேர் பைக்கில் வந்தார்கள். தக்காளியும் துளசி மாதிரி ஒரு இலையும் போட்ட ஸ்பகெட்டி கேட்டார்கள். வைத்தேன். முதல் வாய் வைப்பதற்கு முன்பே ஒருவன் கெச்சப் கேட்டான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து ஆரம்பித்தேன். நம் வீடுகளில் வெயில் காலத்தில் வடாம் பிழிகிற மாதிரி, அங்கே தக்காளி சீசனில் அத்தை, சித்தி, மாமா என்று குடும்பமே முற்றத்தில் உட்கார்ந்து அண்டா அண்டாவாகத் தக்காளி காய்ச்சி, வருஷத்துக்கும் பாட்டிலில் அடைத்து வைப்பார்கள். அந்தச் சாஸின் மேல் சர்க்கரையும் வினிகரும் கலந்த இன்னொரு தக்காளியை ஊற்றினால் அத்தனை அத்தைகளுக்கும் அவமானம்.

கல்லாப் பக்கம் டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே சீல் உடைக்காத கெச்சப் பாட்டில் ஒன்று. ஆத்திர அவசரத்துக்கு என்று பாலாஜி எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறான். நான் ஒரு பார்வை பார்த்தேன், டிராயர் மூடிக்கொண்டது. பையன்கள் நான் சொன்னதையெல்லாம் கிளாஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவன் சொன்னான்: "புரியுதுண்ணா. கெச்சப் வேணாம்ணா. மயோனைஸ் இருக்கா?"

பல்லுக்கு வேலை

சபாபதி சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து நகர் குடியிருப்பில் சொந்த வீடு. சாயங்கால நடைக்கு வந்தவர், போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். ஒரு வாய் மென்றார், நிறுத்தினார், தட்டை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "தம்பி, வேகலை."

வெந்திருக்கிறது சார், இத்தாலியில் பாஸ்தாவைக் குழைய விடமாட்டார்கள், நடுவில் துளி உறுதி நிற்கும்போதே இறக்கிவிடுவார்கள், பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு, குழைந்துபோனதைப் பரிமாறினால் சமையல்காரனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் விளக்கினேன். எனக்கு அது தொழில் தர்மம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கு இருக்கறது பல் செட்டு தம்பி. அதுக்கு வேலை குடுக்கச் சொல்லி யாரு கேட்டா?"

கறுப்பு

மீன் எனக்குக் கோவளத்திலிருந்து தேசம்மா கொண்டுவருகிறார். கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி, கூடையோடு வந்து இறங்குவார். கணவாயை எங்கள் பக்கத்தில் கடம்பா என்பார்கள். அதை எப்போதும் சுத்தம் செய்து கொண்டுவருவது அவர் வழக்கம். ஒருநாள் நான், சுத்தம் செய்ய வேண்டாம், உள்ளே இருக்கிற மைப்பையோடு வேண்டும் என்றேன். இத்தாலிக் கடற்கரையில் அந்த மையில்தான் சாஸ் வைப்பார்கள். தட்டு முழுக்கக் கன்னங்கரேல் என்று இருக்கும், கடல் வாசனை அடிக்கும். தேசம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எல்லாரும் கடம்பாவ வாங்கிகினு மைய கடாசுவாங்கோ. நீ இன்னாண்ணா, மையக் கேக்கற? கடைக்கு இன்னா, கரி பூசப் போறியா?" என்றார்.

மறுநாள் சமைத்து, அவரையே முதல் ஆளாக உட்கார வைத்துப் பரிமாறினேன். கடல்மேல் பிழைக்கிற வீட்டில் பிறந்தவர், அவர் நாக்குக்குத் தப்பாது என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் முழுத் தட்டையும் காலி செய்தார். நிமிர்ந்து சிரித்தபோது பல், உதடு, நாக்கு எல்லாம் கறுப்பு. எங்கள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் கீது. ஆனா இத்த துன்னுட்டுக் கல்யாண வூட்டுக்குப் போவ முடியாது."

பெருமாளுக்கு எதிரில்

ரோம் நகரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வியாழக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை போட்டி. ஆமாம், நம்ம ஆட்டுப் போட்டி மாதிரியேதான். அவர்கள் மாட்டின் இரைப்பையில் செய்வார்கள், நான் ஆட்டுக்கு மாற்றிக்கொண்டேன். தக்காளியும் புதினாவும் போட்டு மெத்தென்று வேகவைத்தால் அப்படியொரு ருசி. கிழமைக்கு ஒரு சாப்பாடு என்பது நம்மூருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை இரவே கறிக்கடையில் சொல்லிவைத்து, விடிகாலையில் எழுந்து சுத்தம் செய்து, அண்டா நிறைய வைத்தேன். வாசலில் பெரிய எழுத்தில் எழுதினேன்: இன்று சனிக்கிழமை, போட்டி.

யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு எதிர்ச் சாரிக்குப் போனார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவனுக்கு ரோமின் கிழமைகள் நினைவிருந்தன, சொந்த ஊரின் மாதம் மறந்துவிட்டது. அன்று புரட்டாசி முதல் சனி.  பாலாஜி போனில் ஷவர்மா மெஷின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் நெற்றி நிறைய நாமத்தோடு ஒருவர் வாசலில் நின்றார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?"

அவர்களுக்கும் விரதம் உண்டு

அன்று ராத்திரி முழுக்கப் புழுங்கினேன். புரட்டாசி முடிந்தால் தீபாவளி. அதாவது என் கெடுவில் பெரும்பகுதி கறி வாசனையே இல்லாமல் போகப் போகிறது. அப்போதுதான் உறைத்தது. இத்தாலியிலும் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு விரத காலம் வரும். கறியைத் தொடாமல் கொண்டைக்கடலையைக் கரைத்து அதில் குட்டிப் பாஸ்தா போட்ட கஞ்சி மாதிரி சூப். பூண்டும் எண்ணெயும் மிளகாயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டி. சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் அதற்குப் பதிலாக மொறுமொறுப்பாக வறுத்துத் தூவின ரொட்டித் தூள். ஏழைகள் கண்டுபிடித்த சாப்பாடு, ஆனால் ராஜ ருசி.

போர்டை அழித்து எழுதினேன்: புரட்டாசி ஸ்பெஷல், இத்தாலி விரதச் சாப்பாடு. அடுத்த சனிக்கிழமை மாலை உட்கார இடமில்லை. கோவிலுக்குப் போய்விட்டு நேராக வந்தவர்கள், துளசித் தீர்த்தம் காயாத கையோடு சூப் குடித்தார்கள். என் கடைக்குள் அப்படி ஒரு இரைச்சலை அதுவரை நான் கேட்டதில்லை. அடுப்படியில் நின்றபடி ஆனந்தமாக வியர்த்தேன். சபாபதி சாரும் வந்தார். கடலை சூப் இரண்டு கிண்ணம். போகும்போது அடுப்படி ஜன்னலில் தலையை நீட்டினார்: "பல் செட்டைக் கழட்டி வெச்சுட்டே குடிச்சேன் தம்பி. இது சமையல்."

வாசலில் தொங்கிய மிளகாய்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பொருத்த வந்த ஜென்னாரோ என்கிற நேப்பிள்ஸ்காரர், எங்கள் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டு டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். நிஜ இத்தாலிக்காரர்! பாலாஜி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வந்தவர் மெனுவைப் பார்க்கவில்லை. வாசலில் நாங்கள் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். அதில் சிவப்பாக, வளைந்து, அச்சு அசல் மிளகாய் மாதிரியே ஒரு சின்னக் கொம்பு. கண் படாமல் இருக்க அவர்கள் ஊரில் அதை வைத்துக்கொள்வார்கள்.

உட்கார்ந்ததும் உப்பு கேட்டார். பாலாஜி நம் வழக்கப்படி கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தான். அவர் கண் விரிந்துவிட்டது. அங்கேயும் உப்பைக் கைக்குக் கை மாற்ற மாட்டார்கள், சண்டை வரும் என்பார்கள். அப்புறம் சாப்பிட்டு முடித்து, தட்டில் மிஞ்சிய சாஸை ஒரு துண்டு ரொட்டியால் துடைத்து எடுத்து வாயில் போட்டார். இலையை வழித்துச் சாப்பிடுகிற மாதிரி. இத்தாலிக்காரர் ஒருவர் அப்படிச் செய்துவிட்டால் சமையல்காரனுக்கு அதற்குமேல் சர்டிபிகேட் கிடையாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் போனதும் பாலாஜி என்னை முறைத்தான்: "திருஷ்டி பாக்கறாங்க, உப்பு கையில தர மாட்டேங்கறாங்க, தட்டை வழிக்கறாங்க. அப்புறம் எதுக்கு மாமா ஃபாரின் ஃபாரின்னு என்னை இவ்ளோ நாளா பயமுறுத்துனீங்க?"

ஞாயிற்றுக்கிழமை விருந்து

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. சபாபதி சார் கடை முழுவதையும் ஒரு விருந்துக்கு எடுத்துக்கொண்டார். கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. சம்பந்தி வீட்டாரோடு முதல் சாப்பாடு நம்ம கடையில்தான் என்று அந்தப் பெண் அடம் பிடித்தாளாம். இத்தாலியில் ஞாயிறு மதியம் என்றால் குடும்பமே ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தமாக, அவசரமே இல்லாமல், சாயங்காலம் வரை சாப்பிடும். அதை அப்படியே செய்தேன். காலையிலிருந்து தக்காளியும் ஆட்டுக்கறியும் சின்னத் தீயில் கொதித்துக்கொண்டிருந்தன. பாலாஜி காலையிலேயே சொல்லிவிட்டான், இன்றைக்குச் சொதப்பினால் நாளைக்கே மெஷின்காரனுக்கு அட்வான்ஸ் என்று.

முதல் தட்டு சின்னது. அதைப் பார்த்ததும் சம்பந்தி, "அவ்வளவுதானா?" என்று அக்கம்பக்கம் பார்த்தார். சமாளித்தோம். பாஸ்தா போனது. சம்பந்தி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் கெச்சப் கொண்டாங்க" என்றார்.  முதல் விருந்தில் சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்கிற ஊரா இது? சபாபதி சார் முகம் வெளுத்து அடுப்படி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பெண்ணின் கல்யாணத்தைவிட என் வீம்பு பெரிதில்லை. டிராயரை நோக்கிக் கண்ணைக் காட்டி, எடுத்துக் கொடுத்துவிடு என்று பாலாஜிக்குத் தலையசைத்தேன். மனசு அப்படி வலித்தது.

பாலாஜி டிராயரைத் திறக்கவில்லை. மேஜைக்குப் போய் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். "கெச்சப் இல்ல சார், மன்னிச்சிக்கோங்க. காலையிலேர்ந்து தக்காளி அடுப்புல நின்னுனு இருக்கு, எங்க மாமாவும் அதுகூடவே நிக்கறாரு. ஒரே ஒரு வாய் இப்படியே சாப்பிட்டுப் பாருங்க. புடிக்கலன்னா நானே கடைக்கு ஓடிப்போய் வாங்கினு வரேன்." சம்பந்தி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு வாய் எடுத்தார். அப்புறம் இன்னொன்று.  தட்டில் சாஸ் மட்டும் மிஞ்சியபோது, இதற்குப் பிசைந்துகொள்ளக் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டார். பாலாஜி ரொட்டியை நீட்டி, துடைக்கிற விதத்தையும் காட்டிக்கொடுத்தான். பெரியவர் தட்டைக் கழுவ வேண்டிய வேலையையே எங்களுக்கு வைக்கவில்லை. அந்தப் பெண் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பாலாஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.  "மாமா, ஷவர்மா மெஷின்காரன் போன் பண்ணான். ராங் நம்பர்னு சொல்லிட்டேன்."

ஒரு ஊரையே இத்தாலிச் சாப்பாடு சாப்பிட வைத்தவன் என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிகிறேன், ஆனால் நிஜமாக நான் ஜெயித்தது ஒரே ஒரு மச்சானைத்தான், அது இத்தாலியைவிடப் பெரிய நாடு என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.