சிவப்புப் பெட்டியும் பதினொரு மணிக் கடல்காற்றும்

அன்று நான் "எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்லவில்லை. "எனக்கு வேணும்" என்றும் சொல்லவில்லை. சிவப்புப் பெட்டி என் கையில் இருந்தது... நான் வாயைத் திறக்கவே இல்லை.

தோட்டாவின் மேல் பூசியிருக்கும் மெழுகு வெயிலில் இளகி விரல் நுனியில் ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பும், சுட்டு முடித்ததும் மூக்கில் ஏறும் லேசான கருகல் வாடையும்தான் இன்றும் எனக்குக் கல்லூரியின் கடைசி வருடம்.

சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தோம், நானும் அமலாவும். அவளுக்கு ஊர் அண்ணாகிராமம் பக்கம். பையில் எப்போதும் நாலு முந்திரி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, கடலூருக்குள் நுழைவதற்கு முன்பே, சிப்காட் தாண்டியதும் இறங்கிவிடுவோம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் எங்கள் துப்பாக்கி கிளப்பின் ரேஞ்ச்.

ரைஃபிள் எங்களுடையது இல்லை, கிளப்புடையது. மாணவியாக இருக்கும்வரைதான் கையில் கிடைக்கும். மாநில அணியில் இடம் கிடைத்தால் தொடர்ந்து சுடலாம். கிடைக்காவிட்டால் பரீட்சையோடு இதுவும் முடிந்தது. எங்கள் இருவருக்கும் அதே நிலைதான்.

பாயிண்ட் டூ டூ தோட்டாக்கள் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தரம்தான் வேறு. மஞ்சள் பெட்டி பழகுவதற்கு. நீலம், போட்டிக்குப் பரவாயில்லை. சிவப்பு, மேட்ச் கிரேட், பெரிய போட்டிக்கென்றே செய்வது. ஒவ்வொரு தோட்டாவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். வேகம் கூடிக் குறைந்தால் குண்டு மேலும் கீழுமாக விழும். ஐம்பது மீட்டரில் அது அவ்வளவாகத் தெரியாது. அதனால் சோதனைக்கு மட்டும் எங்கள் கோச் சார் டார்கெட்டை நூறு மீட்டரில் கட்டுவார்.

எவ்வளவு உயர்ந்த தோட்டாவானாலும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துவராது. அந்த வருடம் கிளப்பில் மிச்சமிருந்த சிவப்பு ஒருவருக்குத்தான் போதும். அமலாவின் ரைஃபிளுக்கு ஒத்துவந்தால் அவளுக்கு, இல்லையென்றால் எனக்கு. சார் அப்படித்தான் சொல்லியிருந்தார். என் ரைஃபிளில் அது ஏற்கெனவே நன்றாகப் போயிருந்தது. நீலம்தான் எனக்குச் சரிவரவில்லை.

சாருக்கு ஒரு பழக்கம். எதையும் மட்டமானதில் ஆரம்பித்து, நல்லதைக் கடைசியாக எடுப்பார்.

"பாயசத்த யாராச்சும் மொதல்ல ஊத்துவாங்களா?" என்பார்.

அன்று அமலாவின் ரைஃபிளில் மஞ்சள் முடிந்தது. நீலம் முடிந்தது. ஒவ்வொரு பெட்டி மாற்றும்போதும், புது மெழுகு குழலில் படிவதற்காகச் சில தோட்டாக்களை மண்மேட்டில் சுட வேண்டும். அதில் சார் ரொம்பக் கண்டிப்பு. மணல் மூட்டையில் ரைஃபிளைப் படுக்கவைத்து, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாக... சிவப்பின் முறை வரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது.

இடது பக்கம் கடல். சவுக்குத் தோப்பு இரைய ஆரம்பித்திருந்தது. என் துப்பட்டா மேற்கே பறந்தது.

அமலா சுட்டாள். டார்கெட் பேப்பரைக் கொண்டுவந்து பார்த்தால், ஓட்டைகள் அகலமாகச் சிதறிக் கிடந்தன. சார் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். நீலத்தைவிட மோசம்.

"ஒன் துப்பாக்கிக்கு இது ஆவலம்மா. நீலத்தயே வெச்சிக்க" என்றவர், சிவப்புப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அமலா சிரித்தாள். "வெல ஜாஸ்தின்னா எல்லாத்துக்கும் புடிச்சிடுமா சார்? என் ரைஃபிளுக்கு ஏழைங்க ருசி." பிறகு என்னிடம், "ஏய் புள்ள, அத தொலச்சிடாத. அப்புறம் ரெண்டு பேருக்கும் இல்லாம பூடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ரைஃபிளின் போல்ட்டைத் துடைத்தவள், துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பேப்பரைப் பார்த்தபடி நின்றேன். ஓட்டைகள் எல்லாம் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தன. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை... அடிக்கோடு போட்ட மாதிரி.

நீலத்தின் பேப்பரை அதன் பக்கத்தில் வைத்தேன். அதில் அகலம் குறைவு, உயரம் அதிகம். பெட்டியை இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

"என்னம்மா, கட பரப்புற?" என்றார் சார்.

அமலாதான் முதலில் குனிந்தாள். "சார்... மேல கீழ எங்கயாச்சும் போயிருக்கா பாருங்க. ஒண்ணு கூட இல்ல. இது தோட்டா இல்ல சார், காத்து! நீலம் சுடுறப்ப காத்தே இல்லயே!"

சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். தோப்பை ஒரு தடவை பார்த்தார்.

"பாயசத்த மொதல்லயே ஊத்தியிருக்கணும் போலருக்கே" என்றார். பெட்டி அமலாவிடம் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புவனகிரி தாண்டியதும், "நீ என்னாத்துல சுடுவ?" என்று மட்டும் கேட்டாள்.

"நீலம்."

"லூசு."

முந்திரியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பேப்பரில் இருந்தது அதுதான். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க எனக்கு வரவில்லை, அவ்வளவே.

இப்போது எங்கோ ஒரு நாட்டில் யாரோ தோட்டாத் தரங்களை ஒப்பிடும் வீடியோக்கள் என் போனில் வருகின்றன. ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் சொல்ல ஒரு மெஷின், காற்றைச் சொல்ல இன்னொன்று. திரையில் வண்ண வண்ணமாகக் கோடுகள். எங்களிடம் இருந்தது ஒரு மணல் மூட்டையும் சாருடைய ஸ்கேலும்தான். ஆபீஸ் விட்டு வந்து அந்த வீடியோக்களைக் கடைசிவரை பார்க்கிறேன். யாராவது பெட்டி மாற்றினால், மண்மேட்டில் சுட்டுக் குழலைப் பழக்கினார்களா என்று மனம் தன்னால் தேடுகிறது... வீட்டில் யாருக்கும் இது புரியாது. நானும் சொல்வதில்லை.

அந்த வருட மாநில அணித் தேர்வு சுவர் சூழ்ந்த ரேஞ்சில், காலை நேரத்தில் நடந்தது. காற்றே இல்லை. அமலா சிவப்பில் சுட்டாள், நான் நீலத்தில். அணியின் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சுட்டதில்லை.