சீலுக்கு வைத்த பொட்டு

1. ஃபேக்ஸ்

காலையில் ஆபீஸைத் திறந்ததும் ஃபேக்ஸ் மெஷினில் ஒரு தாள் கிடந்தது. நாங்கள் அனுப்பிய பாக்ஸை ஐரோப்பாவில் சுங்கத்தார் பிடித்து வைத்திருக்கிறார்கள். காரணம், சீல் மீது இனம் தெரியாத சிவப்பு, மஞ்சள் பொருள். சீல் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம். படித்த மாத்திரத்தில் எனக்கு இனம் தெரிந்துவிட்டது. குங்குமம், சந்தனம்.

அப்போது நான் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு வைரப் பட்டறையின் டாகுமென்ட் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீட்டாத வைரத்தை ரஃப் என்போம். வெளிநாட்டிலிருந்து வரும், பட்டை தீட்டி அனுப்புவோம். தீட்டத் தேறாததை அனுப்பியவருக்கே திருப்புவோம்; அந்த பாக்ஸில் போனது அதுதான். அந்தச் சமயத்தில்தான் கிம்பர்லி சர்டிபிகேட் வந்தது. ஆப்பிரிக்காவில் சில இடங்களில் ஆயுதக் கும்பல்கள் சுரங்கத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லை விற்றுத் துப்பாக்கி வாங்கின. அந்தக் கல் சந்தைக்குள் வரக் கூடாது. ஆகவே ரஃப் எந்த நாட்டு எல்லையைத் தாண்டினாலும் சர்டிபிகேட் கூடப் போக வேண்டும், பாக்ஸுக்கு சீல் இருக்க வேண்டும், சீலை வழியில் யாரும் தொடக் கூடாது.

இதில் கடைசி வரியை மட்டும் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஊழியருக்கு அது போதும் என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

2. பூஜை

சீல் வைத்த பாக்ஸ் கூரியருக்காகக் காத்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது. தராசு, பூதக்கண்ணாடி, கம்ப்யூட்டர், தீயணைக்கும் சிலிண்டர், வாட்ச்மேன் சைக்கிள், எல்லாவற்றுக்கும் பொட்டு. வைத்தவர் ஜெயந்தி. கல்லைத் தரம் பிரிக்கும் அசார்ட்டிங் பிரிவில் அவரைப் போல் கண் உள்ளவர் கிடையாது. பாக்ஸுக்கும் வைத்தார், சரியாக சீல் மீது. நானும் அங்கேதான் பொரி தின்றுகொண்டிருந்தேன். பொட்டு இல்லாத பொருள் ஒன்று இருந்திருந்தால்தான் அன்று கண்ணில் பட்டிருக்கும்.

3. விசாரணை

மேனேஜர் ஜெயந்தியைக் கூப்பிட்டார்.

“சீல்ல பொட்டு வச்சது யாரு?”

“நான்தான் சார். மத்த எல்லாத்த வுட இந்த பாக்ஸுக்குத்தான் அல்லாரும் பயப்படறீங்க. அதான் பெர்சா வச்சேன்.”

“யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சாமி காரியத்துக்குமா சார்?”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “பாய், ஸ்டாஃப் ஒருத்தங்க சீலை டேம்பர் பண்ணிட்டாங்க, டிஸ்மிஸ் பண்ணிட்டோம்னு எழுதிடுங்க. கம்பெனி தப்பிச்சிடும்.”

கம்பெனி தப்பித்துவிடும். ஜெயந்தி தப்ப மாட்டார். சீலில் கை வைத்தவர் என்று பேர் வந்தால் கல் தொழிலில் திருடி என்றுதான் அர்த்தம். வேறு எந்தப் பட்டறையும் கேட்டுக்குள் விடாது. அனகாபுத்தூரில் அவர் வீட்டில் அடுப்பெரிவது அவர் சம்பளத்தில். எனக்குக் கோபம் வந்தது.

“சார், அவங்க சீலைப் பிரிக்கல. பொட்டு வச்சாங்க. ரெண்டும் வேற வேற.”

“அப்போ அதை அந்த கஸ்டம்ஸ்காரங்களுக்குப் புரியற மாதிரி நீங்களே எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுங்க, பாய்.”

ஆயுத பூஜையின் தாத்பரியத்தை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு ரஹ்மத்துல்லாவாகிய என் தலையில் விழுந்தது இப்படித்தான். சந்தேகம் தீர்க்க ஜெயந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“சைக்கிளுக்கும் வச்சோமே, அதையும் எழுது சார். அப்பத்தான் நம்புவான்.”

எழுதினேன். பாக்ஸைச் சாட்சிகள் முன் திறந்து எடை போட்டுப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

4. பதில்

பதில் வரும்வரை அசார்ட்டிங் பக்கம் போகக் கூடாது என்று ஜெயந்திக்கு உத்தரவு. ஆனாலும் தினம் வந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்களே அந்த மேஜைக்குப் போகாமல் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒருவழியாகப் பதில் வந்தது. சிவப்புப் பொருளை லேபில் பரிசோதித்ததில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம் என்று தெரிகிறது. சீல் பிரிக்கப்படவில்லை. எடை சர்டிபிகேட்டோடு ஒத்துப்போகிறது. இனி சீல் மீது வழிபாடு எதுவும் செய்ய வேண்டாம்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். “போய் வேலையப் பாரும்மா” என்றார். ஜெயந்தி அங்கேயே நின்று அழுதார்.

அதற்குப் பிறகு மேனேஜரிடம் கேட்டு எல்லோரையும் கூட்டி, இந்த விதி ஏன் வந்தது என்று முழுவதும் சொன்னேன். சுரங்கத்துக்காக அந்தக் கும்பல்கள் ஊர் ஊராக ஜனங்களை விரட்டியதை, அவர்கள் கையை வெட்டியதைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் கையால் பிழைப்பவர்கள். அவர்களில் ஜெயந்திதான் எழுந்தார்.

“சர்டிபிகேட்டு வர்றதுக்கு முன்னாடியும் நாம கல்லு பிரிச்சிகினுதான இருந்தோம். அதுல அந்த மாதிரி கல்லு இருந்துச்சா சார்?”

“தெரியாதும்மா. அப்போ யாரும் கேட்டதில்ல.”

“இருந்திருந்தா என் கையாலதான் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விதியைச் சொல்லும்போது அது வந்த காரணத்தையும் சொல்லிவிடுங்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி வரும். அப்போது தெரியாது என்றே சொல்லுங்கள். நான் பணி ஓய்வு பெற்ற நாள்வரை ஜெயந்திக்கு அதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியவில்லை.