ரயிலில் போன மூக்கு, விமானத்தில் திரும்பியது

சிட்னியில் இருப்பவன் மூக்கடைப்புக்கு மருந்து தேடி மெல்போர்ன் போவானா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். போனேன். 2009 ஜூலை, நல்ல குளிர்காலம். என்னைப் போலவே அடைத்த மூக்கை வைத்துக்கொண்டு ஊருக்கு டிக்கெட் எடுக்கப் பயப்படும் யாராவது இருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் இருப்பது நார்த்மீட், வேலை பாரமட்டாவில், கணினித் துறை. ஒரு வருஷமாக மூக்கடைப்பு. ஜிபி என்கிற குடும்ப டாக்டர், அவர் அனுப்பிய ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. உள்ளே சதை எதுவும் வளரவில்லை, ஸ்ப்ரே போதும் என்றார்கள். அடித்துக்கொண்டேதான் இருந்தேன். போன வருஷம் திருச்சி போய்த் திரும்பும்போது, விமானம் சிட்னியில் இறங்க ஆரம்பித்ததும் இடது புருவத்துக்கு மேலே ஆணி அறைவதுபோல வலி. தாரை தாரையாகக் கண்ணீர். அதுவரை கத்திக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக் கைக்குழந்தை, என்னைப் பார்த்துத் தன் அழுகையை நிறுத்திவிட்டது. அதன்பிறகு நான் விமானம் ஏறவில்லை.

இந்த ஆவணியில் என் தங்கை மீனாவுக்குத் திருச்சியில் கல்யாணம். மணவறையில் பொரி அள்ளிக் கொடுக்க அண்ணன் வேண்டும். அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான். பக்கத்து ஹரிஸ் பார்க்கில் விமான டிக்கெட் போடுகிறவர் ஜூலை கடைசி வரை சீட்டைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மீனா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அடைத்த குரலில் நான் ஹலோ என்றதுமே, "ஏண்ணே, அழுவுறியா?" என்பாள். "இல்லடி, சளி" என்பேன். "வருவேல்ல?" என்பாள். "பாக்கலாம்" என்பேன். போதாக்குறைக்கு எங்கள் டீமில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி வாயால் மூச்சுவிட்டபடி, வேலை போகுமா, விமானத்தில் மண்டை வெடிக்குமா என்று மாற்றி மாற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

சிட்னியிலேயே ஒரு சீன வைத்தியரைப் பார்த்தது உண்மை. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குச் சீனம் சுத்தம். தாகம் எடுக்குமா, உடம்பு சூடா, சளி மஞ்சளா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் நம் வழக்கப்படி எல்லாவற்றுக்கும் தலையை இடமும் வலமுமாக ஆட்டிவைத்தேன். அதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, அவர் கொடுத்த கஷாயத்தைக் குடித்ததும் இருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் நின்றது. அவர்மேல் குற்றமில்லை. தப்பு என் தலையில்தான்.

இதைப் போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் செல்வி அக்கா. மலேசியத் தமிழர், ஈப்போக்காரர், மெல்போர்னில் டார்னெய்ட்டில் வீடு, மருத்துவமனையில் நர்ஸ். முன்பு நார்த்மீட்டில் என் பக்கத்து வீட்டில் இருந்தவர். அவருக்குக் கான்டனீஸ் சீனம் தண்ணீர் பட்ட பாடு. "இங்க வாங்க தம்பி. எங்க விக்டோரியா மாநிலத்துல சீன வைத்தியருக்கெல்லாம் அரசாங்கப் பதிவு கட்டாயம். நானே கூட வந்து பேசறேன் லா" என்றார். ஒரு வாரம் லீவு போட்டேன்.

விமானம்தான் ஆகாதே. சிட்னி சென்ட்ரலில் காலை ஏழேமுக்கால் வாக்கில் கிளம்பும் ரயிலைப் பிடித்தேன். போக வர இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டேன், ஒரு வழிக்குத் தொண்ணூறு டாலர். கிட்டத்தட்ட 950 கிலோமீட்டர், பதினோரு மணி நேரத்துக்கு மேல். கோல்பர்ன் தாண்டியதும் உறைபனி படர்ந்த வயல்கள், ஆடுகள், மறுபடியும் ஆடுகள். ஹீட்டர் காற்றில் மூக்கு இன்னும் இறுகும், தண்ணீர் போத்தல் கட்டாயம் கொண்டுபோங்கள். ரயில் சாப்பாட்டை நம்ப வேண்டாம். நான் கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தை வாகா வாகா ஸ்டேஷன் வருவதற்குள் முடித்துவிட்டேன். அந்தத் தயிர்சாதம் பிறகு விசாரணைக்கு வந்தது.

இரவு ஏழு மணிக்கு மெல்போர்னின் சதர்ன் க்ராஸ் ஸ்டேஷனில் செல்வி அக்கா காரோடு நின்றார். மறுநாள் காலை டார்னெய்ட்டிலிருந்து வைத்தியர் இருக்கும் பாக்ஸ் ஹில் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம், நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. வெஸ்ட் கேட் பாலத்தில் நெரிசல் உண்டு, ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்புவது உத்தமம்.

வைத்திய சாலை ஒரு வாத்து வறுவல் கடைக்கு மாடியில் இருந்தது. வைத்தியர் ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிக்காத முகம். இரண்டு கையிலும் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி, விளிம்பில் பல் பதிந்த தடங்களைச் செல்வி அக்காவுக்குக் காட்டினார். பிறகு கேள்விகள். நான் பழக்கதோஷத்தில் தலையை ஆட்ட, "வாயத் திறந்து சொல்லுங்க தம்பி. அந்த ஆட்டத்த நம்ம ஊரோட வெச்சுக்கங்க" என்றார் செல்வி அக்கா.

ராத்திரி என்ன சாப்பிடுவாய்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிர், சாதம், ஒரு வாழைப்பழம். சனிக்கிழமை? எண்ணெய் தேய்த்துக் குளியல், ஈரத் தலையோடு கடைக்குப் போவேன். குளிர்காலத்திலுமா? ஆமாம். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் சொன்னதைச் செல்வி அக்கா மொழிபெயர்த்தார்: "உடம்புக்குள்ள குளிரும் ஈரமும் தேங்கி நிக்குதாம்." இதைத்தானே நம் ஊரில் சீதளம் என்போம். இந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

அடுத்து என் தோளையும் தாடையையும் அழுத்திப் பார்த்தார். வலித்தது. ஏதோ கேட்டார்.

"யாரோட சண்டை போடப் போறீங்கன்னு கேக்கறாங்க."

"யாரோடவும் இல்லையே."

"அப்ப ஏன் இப்படிப் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கீங்களாம்?"

விமானம், வேலை, கல்யாணம் மூன்றையும் சொன்னேன். செல்வி அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வைத்தியர் தலையசைத்துக் கேட்டார். சொல்லி முடித்தபோது என் கண் கலங்கியிருந்தது, அதற்குச் சளி காரணமில்லை.

ஊசிக்கு நான் பயந்தவன். மூக்கின் இரு பக்கமும், புருவங்களுக்கு நடுவில், கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் என்று மயிரிழை போன்ற ஊசிகளைக் குத்தினார். எறும்பு கடித்தது மாதிரி, பிறகு கனமாக ஓர் உணர்வு, அவ்வளவுதான். இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருந்தேன். பாதியில் வலது மூக்கு மெல்லத் திறந்தது. எத்தனையோ மாதம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் வாசனை, சுத்த சைவனான எனக்கு, கீழ்க்கடையின் வாத்து வறுவல். அன்றைக்கு அதுவும் மணமாகத்தான் இருந்தது.

முதல் நாள் அறுபது டாலர், அடுத்த இரண்டு தடவையும் நாற்பத்தைந்து. மருந்துப் பொட்டலம் ஒன்று எட்டு டாலர். அதில் பூனை வால் போல ரோமம் மூடிய பூமொட்டுகள் கிடந்தன, மூக்கடைப்புக்கு அதுதான் முக்கியமாம். செல்வி அக்கா அதைக் கொதிக்கவைத்தால் அவர் கணவர் செய்தித்தாளோடு கராஜுக்குப் போய்விடுவார். நிலவேம்புக் கஷாயம் இதற்கு முன்னால் பாயசம். பத்தியம் வேறு: தயிர் கூடாது, வெந்நீர்தான், ராத்திரி மிளகு ரசம். "தயிர விட்டா உயிரா போயிடும்?" என்பார் செல்வி அக்கா. மூன்றாம் நாள் விடியற்காலை மூக்கால் மூச்சுவிட்டபடி விழித்தேன். அதைச் சொல்ல எழுந்துபோய், எல்லோரும் தூங்குவதைப் பார்த்துத் திரும்பி வந்து படுத்தேன்.

மூன்றாவது தடவை வைத்தியர் திரும்பிப்போவது எப்படி என்று கேட்டார். ரயில் என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். கல்யாணத்துக்கும் ரயிலிலா போவாய் என்று கேட்டாராம். அன்று மாலையே இணையத்தில் எழுபத்தொன்பது டாலருக்கு ஒரு விமான டிக்கெட் போட்டேன். ரயில் டிக்கெட்டையும் ரத்து செய்யவில்லை. கிளம்பும் காலையில் மூக்கு அடைத்திருந்தால் ரயில், திறந்திருந்தால் விமானம் என்று ஒப்பந்தம்.

கிளம்பும் நாள் காலை வெளியில் வந்து கார் கண்ணாடியில் மூச்சை விட்டுப் பார்த்தேன். இரண்டு மூக்கின் ஆவியும் படிந்தது. "எங்க தம்பி?" என்றார் செல்வி அக்கா. "ஏர்போர்ட்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

சிட்னிக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இறங்கப்போகிறோம் என்று அறிவித்ததும் பல் தானாகக் கடித்துக்கொண்டது. யாரோடு சண்டை என்ற கேள்வி நினைவுக்கு வந்தது. தாடையைத் தளர்த்தினேன், ஊசி குத்திய பெருவிரல் இடுக்கை அழுத்தினேன், எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தேன். காது அடைத்துத் திறந்தது. புருவத்துக்கு மேலே ஒரு கிள்ளல் வந்தது, நான் அதற்காகக் காத்திருக்க, அது போய்விட்டது. சக்கரம் தரையைத் தொட்டது.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் ஜிபியைப் பாருங்கள், ஸ்கேன் சொன்னால் எடுங்கள். பதிவு பெற்ற வைத்தியரா என்று கேளுங்கள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரையை, மறைக்காதீர்கள். மருந்தை நீங்களாக வாங்கிக் காய்ச்ச வேண்டாம். அன்றைக்கு மூக்கு இறுக அடைத்திருந்தால் விமானம் ஏறாதீர்கள். ஊசியா, மொட்டா, தயிரை விட்டதா, ஒரு வாரம் ஆபீஸை மறந்ததா, எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழுக்கக் குணம் என்றும் சொல்லமாட்டேன், மூக்குள்ள வரைக்கும் சளி. ஆனால் பயம் போய்விட்டது. போன காரியம் அதுதான்.

பெட்டிக்காகக் காத்து நிற்கும்போதே ஹரிஸ் பார்க் டிக்கெட்காரருக்குப் போன் செய்து சீட்டை உறுதி செய்தேன். அடுத்து திருச்சிக்கு. மீனா எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க பேசறது?"

"அண்ணன்டி. பொரி போட வர்றேன்."

"வாண்ணே" என்றபோது மூக்கு அடைத்திருந்தது அவளுக்கு.