கூப்பிடாமல் இழுத்த கயிறு

பழைய ஹாஸ்டல் தோழிகளே, நமக்குள் சுற்றி வரும் இந்தக் கடிதத்தில் இன்று நடந்ததை எழுதுகிறேன்.

இளம்பிள்ளை வாதம் வந்த என் மகள் ஜெசிந்தாவுக்கு ஏழு வயது. மற்ற பிள்ளைகள் கடற்கரையில் ஓடும்போது, கால்களில் இரும்புப் பட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா கப்பலில் இருக்கிறார். எனக்கும் பேச அவள்தான் துணை.

காலையில், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன் வந்தார்.

"பிள்ளைய தண்ணில விடுவோமா தங்கச்சி? அங்கன காலு எதுக்கு? கை போதும்லா."

கடற்கரைக்குப் போனதும் பட்டைகளைக் கழற்றினார். அவள் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை என் கையில் தந்தார்.

"குளிக்கவன் இழுத்தாத்தான் மேல தோணியில உள்ளவன் இழுக்கணும். நீயா இழுக்கப்பிடாது."

தலையாட்டினேன். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஓர் அலை அவள் தலையை மறைத்ததும் இழுத்துவிட்டேன். அடுத்த அலைக்கும் இழுத்தேன்.

மூன்றாம் முறை, இருமிக்கொண்டே கத்தினாள். "நான் இழுக்கவே இல்லையேம்மா! நீ எதுக்கு இழுக்க?"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏளா, உன்ன நம்பி ஒருத்தனும் கடல்ல குதிக்க மாட்டான்."

கயிற்றைத் தளர விட்டேன். அண்ணனின் கை வயிற்றைத் தாங்க, அவள் தண்ணீரை அடித்து அடித்துப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு ஒரு தடவைகூட அசையவில்லை. பட்டைகள் என் மடியில் இருந்தன.

ஜெசிந்தாவுக்கு நாளைக்கும் போக வேண்டுமாம். கயிறு பிடிக்க அண்ணன் மனைவி வந்தால் போதுமாம்.

பிள்ளை கூப்பிடும்வரை சும்மா இருப்பது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்களேன்.