கங்காணி காட்டிய பக்திப் படம்

ஊமைப் படங்களுக்கு வாயாக இருப்பதும் அந்நாளில் ஒரு தொழில். படம்தான் ஊமை, பார்ப்பவர்கள் ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியும். வகுப்பறையிலோ மேடையிலோ பிறருக்காக உரக்கப் படித்துத் தொண்டையை இழந்தவர்கள் என்னை உடனே இனம் கண்டுகொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் இராயபுரத்துத் தகரக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்காரர் நாயுடு, இயந்திரம் ஓட்டிய அந்தோணி, முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத காசிமேட்டு மீன்காரி அஞ்சலை, வியாசர்பாடியிலிருந்து வந்த நெசவாலைத் தொழிலாளியும் பௌத்தருமான துரைசாமி, கடல் கடந்த ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மாணிக்கம், மறுநாள் காலை அவரோடு கப்பலேற இருந்த முப்பது பேர், அவர்களுள் ஒருத்தியான எண்ணூர் உப்பளத்துக் கன்னியம்மா, கடைசியாக, திரைக்குப் பக்கத்தில் மேசைமேல் நின்ற நான்.

வார நாள்களில் நான் பெண்கள் பள்ளி ஆசிரியை. ஞாயிறுதோறும் திரையில் வரும் ஆங்கில எழுத்தட்டைகளைத் தமிழில் படித்துச் சொல்வேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே துணி கட்டியிருக்கும். ஆகவே ஒவ்வோர் அட்டையையும் ஆண்கள் பக்கம் திரும்பி ஒருமுறை, பெண்கள் பக்கம் திரும்பி ஒருமுறை படிக்க வேண்டும். மூன்றாம் முறை கிடையாது. அது நான் வகுத்த விதி. வகுப்பிலும் எனக்கு அதே விதிதான்.

மூட்டை

படம் தொடங்கும் முன்பே கன்னியம்மா மூட்டையோடு வந்து பெண்கள் பக்கத்து வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொண்டாள், நான் கேளாமலே தன் கதையையும் சொன்னாள். கணவன் இல்லை. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. தோட்டத்தில் ஆண்டு முழுவதும் வேலை என்று கங்காணி சொல்லியிருந்தார். ஆறு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தாயிற்றா என்று கேட்டேன். வைத்தாயிற்றாம், ஆனாலும் காலையில் துறைமுகத்து அதிகாரி ஒவ்வொருவரையும் விருப்பத்தோடுதான் போகிறாயா என்று கேட்பாராம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவாராம். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எழுத்தைப் படிக்கத்தான் எனக்குத் தெரியும், ஆளைப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்ன பிறகும் அவள் கேட்டாள்: "மூணு மாசத்துல புள்ளய அனுப்பி வெக்கிறேன்னு கங்காணி சொல்லிக்கீறாரு, டீச்சரம்மா. சொன்னா செய்வாரு இல்ல?"

சூடம்

கப்பலேறுவதற்கு முந்திய நாள் தம் ஆள்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று அருச்சனை செய்விப்பது கங்காணியின் வழக்கம். இம்முறை எங்கள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டார். அதில் ஒரு கிழவர் இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தியிருந்தார். தலைக்குப் பின்னால் ஒளி. அந்தப் படத்தின் பொருள் அடிமைகளின் கலகம். ஒளியைக் கண்ட நாயுடு அதன்மேல் "மகா பக்திப் படம்" என்று எழுதி ஒட்டிவிட்டார். கங்காணி அதை நம்பி முப்பது பேரையும் சூடமும் கையுமாக அழைத்து வந்தார்.

கிழவர் திரையில் தோன்றியதும் பெண்கள் பக்கத்தில் தட்டில் சூடம் ஏற்றிவிட்டார்கள். அவர் கல்லுடைக்கும் அடிமை என்று நான் படித்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. புகை கண்டு அந்தோணி படத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அவன் கையெடுத்துக் கும்பிட்டதைத் திரையை நோக்கி என்று எண்ணிப் பலரும் கும்பிட்டார்கள். அவன் கும்பிட்டது அவர்களைத்தான். "தாயே, அணச்சிடுங்க. மிஷின்ல ஓடறது பிலிமு, அதுல நெருப்பு புடிச்சா எல்லாரும் நேரா சாமிகிட்டயே போயிருவோம்."

துடுப்பு

அடுத்த சுருளில் அடிமைகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். அவர்களே வரிசையாக உட்கார்ந்து துடுப்பு வலித்தார்கள். கொட்டகையில் பாதிப் பேர் கடலோரத்துக்காரர்கள். இந்த இடத்தில் என் தமிழுக்கு வேலை இல்லாமல் போயிற்று. துடுப்பின் நீளம், பிடி, அலையின் போக்கு எல்லாம் தவறு என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் அஞ்சலைக்கு எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. கட்டுமரத்தில் போகிறவர் போகும் திசையைப் பார்த்து வலிப்பார்; இவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலித்தார்கள். அவள் எழுந்து நின்று பின்வரிசைக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "போற பக்கம் பாக்காம வலிக்கிறானுங்களே, எங்க இட்னு போறாங்கன்னு இவனுங்களுக்கு எப்டிமே தெரியும்?"

நிறம்

எங்களிடம் ஒரே இயந்திரம். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு ஏற்றுவார்கள். அந்த ஐந்து நிமிடம் கொட்டகை சந்தைக்கடையாகிவிடும். அப்படி ஓர் இடைவேளையில் முப்பது பேருள் ஓர் இளைஞன், படத்தில் சாட்டை வைத்திருந்தவனைப் போலவே தோட்டத்திலும் ஒரு வெள்ளைக்காரன் நிற்பானா என்று கங்காணியிடம் கேட்டான். மற்ற இருபத்தொன்பது பேரும் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கங்காணி வேட்டியைச் சரிசெய்தார், மீசையைத் தடவினார். பிறகு, வேறு எந்தத் தொழிலிலும் வீணாகிப்போயிருக்கக்கூடிய அறிவோடு விடை சொன்னார்: "படத்துல அடிக்கிறவனும் வெள்ளக்காரன், அடி வாங்கறவனும் வெள்ளக்காரன்டா. அதுல உனக்கு இன்னா பேஜாரு?"

சாவி

மூன்றாம் சுருளில் கிழவர் விலங்கோடு மண்டியிட்டு விடுதலை வேண்டித் தொழுதார். காவற்காரனின் இடுப்பிலிருந்து சாவி நழுவி அவர் முழங்காலருகே விழுந்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நெடுநேரம் மூடிக்கொண்டிருந்தார். கொட்டகை முழுவதும் சாவி, சாவி என்று கத்தியது. எழுத்தட்டையில் "ஆண்டவரே, எப்போது?" என்றிருந்தது. அதை நான் படித்தது என் காதிலேயே விழவில்லை.

சாமி சாவியைக் கொடுத்தாயிற்று, குனிந்து எடுப்பதுதான் பாக்கி என்று அஞ்சலை வாதிட்டாள். சாவியைப் போட்டவன் காவற்காரன், இதில் சாமி எங்கே வந்தது என்று துணிக்கு அப்பாலிருந்து துரைசாமி கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத காரணத்தால் வாதம் மிகவும் தைரியமாக நடந்தது. இறுதியில் கிழவர் கண் திறந்து சாவியை எடுத்தபோது இரு பக்கமும் கைதட்டின. துரைசாமி மட்டும் கடைசிச் சொல்லை விடவில்லை: "பாத்தியா, கண்ண தொறந்தப்புறந்தான் கெடச்சுது."

திருத்தம்

இதற்குள் கங்காணிக்கு வியர்த்துவிட்டது. அந்தோணி இதே படத்தை முன்பு வேறு கொட்டகையில் ஓட்டியவன். கடைசிச் சுருளில் என்ன வருகிறது என்று அவனிடம் போய்க் கேட்டார். அவன் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். கங்காணி நாயுடுவிடம் போனார். நாயுடு என்னிடம் வந்தார்.

கடைசிச் சுருளின் அட்டைகளை எல்லாம் "கடவுளை வேண்டிக்கொண்டார்கள்" என்றே படித்துவிட வேண்டுமாம். கப்பல்தோறும் ஆள்களை இங்கே அழைத்து வருவதாகக் கங்காணி வாக்குக் கொடுத்திருந்தாராம். மறுத்தால் அடுத்த ஞாயிறு நான் வர வேண்டியதில்லை. திரையில் உள்ளதை நான் படிப்பேன், இல்லாததைப் படிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நாயுடு பெருமூச்சு விட்டுக் கங்காணியிடம் திரும்பினார்: "இந்தம்மாவ நம்பாதீங்க. நீங்களே எதுனா பண்ணிக்குங்க."

மூன்றாம் முறை

கங்காணி செய்தது இருமல். கடைசிச் சுருளில் ஓர் அடிமைத் தாய் தன் கதையைச் சொல்லும் அட்டை வந்தது: "பிள்ளைகளைப் பிறகு அனுப்பிவைக்கிறோம் என்றார்கள், நம்பிக் கப்பலேறினோம்." ஆண்கள் பக்கம் நான் படித்தபோது லேசாக இருமினார். நான் பெண்கள் பக்கம் திரும்பியதும் அவருக்குக் கக்குவான் கண்டுவிட்டது. அட்டையும் மறைந்தது.

கன்னியம்மா மூட்டையோடு எழுந்து நின்று, காதில் விழவில்லை, இன்னொரு தபா படிக்க வேண்டும் என்றாள். என் விதி எனக்கு நினைவிருந்தது. அதை மீறினேன். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் பயன்படுத்தும் குரலில், மூன்றாம் முறை, சொல் சொல்லாகப் படித்தேன். அந்தக் குரலை இருமல் வென்றதில்லை. அவள் கேட்டாள்: "அந்தப் புள்ளைங்க அப்பால வந்து சேந்துச்சா?"

படத்தில் அது இல்லை என்றேன். இல்லாததை இட்டுக்கட்டுவது என் வேலை அன்று. அடிமைகள் கலகம் செய்து வாயிற்கதவை உடைத்தார்கள். படம் முடிந்து கொட்டகையில் விளக்கு ஏற்றினார்கள். நாயுடு மேசையருகே வந்து, கோபமின்றி, வருத்தத்தோடு எனக்கு விடை கொடுத்தார்: "டீச்சரம்மா, உங்க தமிழ் நல்ல தமிழு. அதான் தொந்தரவு."

கங்காணி வாசலில் நின்று முப்பது பெயர்களையும் கூப்பிட்டார். இருபத்தொன்பது பேர் குரல் கொடுத்தார்கள். கன்னியம்மாவின் பெயரை அவர் இன்னொரு முறை கூப்பிட்டபோது, அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரைக் கடந்து தெருவில் இறங்கியிருந்தாள். துறைமுகம் தெற்கே.

அந்தக் கொட்டகையில் என் வாசிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவற்றுள் மிகத் துல்லியமான அபிப்பிராயம், ஒரு சொல்லும் சொல்லாமல் வடக்கே எண்ணூர் நோக்கி நடந்து போயிற்று.