பதினோரு வீட்டுச் சொந்தக்காரி சத்தியபாய்

"திருவனந்தபுரம் தலஸ்தானத்துல எனக்குப் பதினோரு வீடு உண்டு. ஒண்ணுலயும் ஒரு ராத்திரி நான் கெடந்தது இல்ல. மரிக்கது வர கெடக்கவும் மாட்டேன். எனக்க கட்டில் அமரவிளையிலயாக்கும்."

காலை பாசஞ்சரின் பெண்கள் பெட்டியில் சத்தியபாய் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது பெட்டியில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், நூற்றிருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அமரவிளைக்கு முன்பே பாறசாலையில் ஏறித் துண்டு விரித்து அவருக்கு இடம்பிடித்து வைத்திருந்த விலாசினி, துணிக்கடையில் சேலை மடிக்கிறவள், "எக்கா, அந்தப் பதினொண்ணுல ஒண்ண எனக்கு ஸ்ரீதனமாத் தரப்பிடாதா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எதுக்குட்டி? அதுல மனுஷன் தாமசிக்கப்பிடாது. பூசணம் மட்டும் தாமசிக்கலாம்."

பதினோரு வீடுகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. திருவனந்தபுரம் வளர்கிறது என்பதற்குச் சாட்சியாக எழுந்து நிற்கும் பதினாறு மாடிக் கட்டடம் அது. உரிமையாளர்கள் துபாய், மஸ்கட், ஹூஸ்டன் முதலிய திருவனந்தபுரத்தின் புறநகர்ப் பகுதிகளில் வசிக்கிறார்கள். ஆளில்லாத வீட்டைப் பூசணம் தின்றுவிடும் என்பதால், அதைத் தடுக்கச் சத்தியபாயை நியமித்திருந்தார்கள். ஏழு வருடமாக அவருடைய வேலை இதுதான்: சாவிக்கொத்தோடு மாடி மாடியாக ஏறி, ஜன்னல்களைத் திறந்து காற்றை உள்ளே விடுவது, மின்விசிறிகளைச் சுற்றவிடுவது, குழாய்களைத் திறந்து மூடுவது. பதினோரு வீடுகளிலும் முப்பத்தொரு கழிப்பறைகள் இருந்தன. அத்தனையிலும் வாரம் இருமுறை தண்ணீர் இழுத்துவிட வேண்டும். யாரும் உபயோகிக்காத கழிப்பறை அதிகம் நாறும் என்கிற நாகரிக உண்மையை அவர் அங்கேதான் கற்றார். அவருக்கென்று அனுமதிக்கப்பட்ட கழிப்பறை தரைக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும். சத்தியபாய் சபைக் கீர்த்தனைகளில் தேர்ச்சி பெற்றிருந்தது இவ்வாறு பயன்பட்டது.

கணவர் ராஜதாஸ் ரப்பர் தோட்டத்தில் விழுந்து முதுகெலும்பு பிசகி, வேலைக்குப் போக முடியாமல் ஆன நாள் முதல் அமரவிளை வீட்டில் அடுப்பெரிந்தது இந்தக் காற்று வியாபாரத்தால்தான். ஆகவே அந்த வேலை போகக்கூடாது. அந்த ஒன்றைத்தவிர வேறெதற்கும் சத்தியபாய் பயந்ததாகத் தகவல் இல்லை.

இந்த நேரத்தில் போக்குவரத்து வளர்ச்சி வந்து சேர்ந்தது. சீக்கிரம் போக வேண்டியவர்களுக்காக ஒரு புதிய வேக வண்டி விட்டார்கள். அது கடந்துபோகும்வரை பாசஞ்சர் வழியில் ஒதுங்கி நிற்க வேண்டும். தினமும் இருபத்தைந்து நிமிடம். கண்ணாடிக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டிருக்கும் முகங்கள் சர்ரென்று கடந்துபோவதை நூற்றெண்பது பெண்கள் வியர்வையோடு பார்ப்பார்கள். விலாசினி அப்போது சொன்ன வார்த்தைகளை அச்சிட முடியாது. அவற்றில் பாதி தமிழ், பாதி மலையாளம் என்று மட்டும் சொல்லலாம்.

கட்டடத்தின் வாசலில் விரல் வைக்கும் இயந்திரத்துக்கு எட்டு மணி என்றால் எட்டு மணி. மாதக் கடைசியில் சத்தியபாய்க்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்தால் வரவேண்டாம் என்பது அதன் சாரம்.

கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு அவர் வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளர் கிருஷ்ணன்குட்டியின் முன்னால் போய் நின்றார்.

"சாறே, நான் வெளுப்புக்கு நாலரைக்கு எழும்பியேன். வண்டியும் எழும்பாண்டாமா?"

"சேச்சி, வண்டி நம்ம சங்கத்துக்குக் கீழ இல்லையே."

"அப்பம் எனக்கு இஞ்ச ஒரு மூலை தாருங்க. மீட்டர் ரூமு போதும். திங்கள் வந்தா வெள்ளி போவேன். வெளிய வாடகைக்கு ஒரு முறி எடுத்தா சம்பளம் முறி வாடகைக்கே போவும்."

"ஸ்டாஃப் ராத்திரி தங்கப்படாது. பைலா உண்டு, சங்கத்து விதி."

"பைலா எழுதினது ஆரு?"

"அசோசியேஷன்."

"அதுல எத்தன பேரு இஞ்ச தாமசிக்குது?"

செயலாளர் விரலை மடக்கத் தொடங்கி, மூன்றாவது விரலில் தயங்கி, "மீட்டிங் எல்லாம் ஆன்லைனில்தான்" என்றார்.

சத்தியபாயின் குரல் உயரவில்லை. அதனால்தான் வரவேற்பறையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கீழ ஒவ்வொரு காறுக்கும் கூரை போட்ட எடம் உண்டு. நாலு வருஷமா அனங்காம நின்ன எடத்துலயே நிக்க காறும் உண்டு, அதுக்கு உறை போட்டுப் போர்த்தி உறக்கியிருக்கு. மேல பதினோரு வீடு காத்துக் குடிச்சிட்டு மல்லாந்து கெடக்கு. அதுக மூச்சு முட்டாம இருக்கதுக்கு நான் வேணும். எனக்குப் பாயி விரிக்க எடம் மட்டும் இல்ல. இதுக்குப் பேரு டெவலப்மென்ட்டு, இல்லியா சாறே?"

"இது ரொம்ப உணர்ச்சிவசப்படுகிற விஷயம் இல்ல சேச்சி. அடுத்த மீட்டிங்கில் வைக்கிறேன்."

"வையுங்க. அதுக்க முன்ன எனக்க சோலி போவும்."

அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து என்று அறிவிப்புப் பலகையில் இருந்தது. தலைப்பு: நீச்சல்குளத்துக்கு நீல நிற ஓடு.

திங்கட்கிழமை பாசஞ்சர் வழக்கம்போல் ஒதுங்கி நின்றது. சத்தியபாய் நகர நிலையத்தில் இறங்கி, கைப்பையோடு இன்னொரு பெரிய பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். விரலை வைத்தபோது எட்டாக ஒரு நிமிடம் இருந்தது. பதினோரு வீடுகளுக்கும் காற்று கொடுத்தார். முப்பத்தொரு கழிப்பறைகளிலும் தண்ணீர் விட்டார்.

மாலை ஆறு மணிக்கு மறுபடி விரல் வைத்தார். இயந்திரத்தின் குறிப்புப்படி அவர் அப்போது வெளியேறிவிட்டார். பணியாளர்களுக்கான லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்கு ஏறினார். நான்கு வருடமாக உரிமையாளர் வராத மூலை வீட்டைத் திறந்தார். மெத்தையை அவர் பார்க்கவில்லை. சமையலறைத் தரையில் ஒரு போர்வையை விரித்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு ராஜதாஸிடம் பேசினார்.

"கஞ்சி அடுப்படியில இருக்கு. சூடாக்கிக் குடியுங்க."

"நீ எப்பம் வருவ?"

"வெள்ளிக்கெழம வாறேன்."

"எங்க கெடப்ப?"

"ஒரு எடம் உண்டு" என்றார் சத்தியபாய்.

கீழே நிலையத்துச் சாலையில் மாலை பாசஞ்சரைப் பிடிக்கப் பெண்கள் கும்பலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் வெளிச்சம் போடாமல் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, கதவை உள்ளிருந்து தாழிட்டார்.