இரண்டாம் தபா செத்த எத்திராஜ் அண்ணன்

நேற்று புதுவாயலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவன் வாயில் பாதி போண்டாவோடு போனில் அழுதுகொண்டிருந்தான். "சார், எங்க சித்தப்பா தவறிட்டாரு சார்." போனை வைத்ததும் மீதி போண்டாவுக்குச் சட்னி கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையில் உப்பே இல்லை. எங்கள் எத்திராஜ் அண்ணன் கேட்டிருந்தால், "சாவு சேதி சொல்றவன் துன்னுக்கினே சொல்லுவியா நைனா?" என்று போண்டாவைப் பிடுங்கியிருப்பார்.

எத்திராஜ் அண்ணன் எனக்குப் பக்கத்து வீடு. வாடகைக்குப் பவர் டில்லர் ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னால்கூடத் தெருக்கோடி வரை கேட்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில்தான் வேலை. யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அவர்தான் போன் பண்ணுவார். எனக்கென்றால் கட்டாயம் அவர்தான். சூப்பர்வைசர் எதிரில் வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வருஷத்தில் 'சரி சார்' தவிர வேறு பேசியதாக ஞாபகம் இல்லை. அதனால் கம்பெனிக்கு அவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் அவருக்குப் பிடிக்காது. "ஜொரம்னா மாத்திரை போட்டுக்கினு வாம்பான். சாவுன்னா இன்னா சொல்லுவான்?" யாரை எந்தக் கம்பெனிக்குச் சாகடித்தோம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "உன் பெரியப்பாவ முடிச்சாச்சு. அத்தை இன்னும் முழுசா கீறாங்க." இந்தப் பேச்சு நடக்கும்போது பெரியப்பா எதிரிலேயே பீடி பிடித்துக்கொண்டிருப்பார்.

"நான் எப்படிடா செத்தேன்?"

"மாரடைப்பு."

"அப்ப சரி."

போன வருஷம் ஊரில் ஜாத்திரைத் திருவிழா வந்தபோது என் சொந்தத்தில் சாக ஆள் மிச்சமில்லை. அண்ணன் தலையைச் சொறிந்தார். "என்னையே சாவடிச்சுடலாம்" என்று போனை எடுத்துவிட்டார். "சார், எங்க பக்கத்து ஊட்டு எத்திராஜ் பூட்டாரு சார். தங்கமான மனுசன். ஊரே அழுவுது சார்." சொல்லச் சொல்லத் தன்மேல் தனக்கே இரக்கம் வந்து, நிஜமாகவே கண்ணீர் விட்டார். அண்ணி துடைப்பத்தோடு ஓடி வந்தார். "கட்டையில போறவனே, வெள்ளிக்கிழமை அதுவுமா இன்னா பேச்சு இது!" லீவு கிடைத்தது. செத்தவர் என் வீட்டில் மூன்று தடவை கறிக்குழம்பு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே தூங்கினார்.

இந்த ஆடியில் ஒரு காலை, சேறடித்துக்கொண்டிருந்தவர் டில்லரை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வரப்பில் உட்கார்ந்தார். எழவே இல்லை. என் மனைவி போன் பண்ணியபோது நான் கம்பெனியில் கம்பிக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். எனக்கு ஷிப்ட் முடிய ஆறாகும். கேட் பாஸ் இல்லாமல் வெளியே விடமாட்டார்கள்.

சூப்பர்வைசர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சார், பக்கத்து ஊட்டுக்காரர் செத்துட்டாரு சார்."

"பேரு?"

"எத்திராஜ்."

பேனாவைக் கீழே வைத்தார். "தங்கமான மனுசன், ஊரே அழுதுச்சே, அந்த எத்திராஜா? அவரு போன வருஷமே செத்துட்டாரேப்பா. எத்தினி தபா பொதைப்பீங்க?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் 'சரி சார்' என்று திரும்பியிருப்பேன். மணி இரண்டரை ஆகியிருந்தது.

"அது பொய் சார். அன்னைக்கு போன்ல அழுதாரே, அவருதான் சார் எத்திராஜ். இப்ப நெஜமாவே பூட்டாரு."

"அவரு உன் அண்ணன்னுல்ல சொன்னாரு?"

"அண்ணன் மாதிரி சார்."

"அப்ப உன் பெரியப்பா?"

"நல்லா கீறாரு சார்."

"அத்தை?"

"கீறாங்க சார்."

"சின்ன மாமனார்?"

"பள்ளிப்பட்டுல மாங்கா யாவாரம் பண்றாரு சார்."

அவர் கேட்கக் கேட்க ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். மொத்தம் ஏழு பேருக்கு உயிர் கொடுத்தேன். எட்டாவது ஆளான எத்திராஜ் அண்ணனைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "எங்கப்பா சாவுக்கு நான்கூட அன்னைக்கு அவரு அழுத மாதிரி அழுவலைய்யா. போ, ஓடு."

பாடை தெருமுனையைத் தாண்டுவதற்குள் சேர்ந்துவிட்டேன். முன்பக்கம் பெரியப்பா பிடித்திருந்தார். நான் பின்பக்கம் தோள் கொடுத்தேன். மனுஷன் செம கனம். தெருமுனையோடு நின்றுவிட்ட அண்ணி, அழுகைக்கு நடுவிலும் அவரைத் திட்டுவதை நிறுத்தவில்லை.

இப்போது லீவு வேண்டுமென்றால் நானே போய்க் கேட்கிறேன். காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான். சூப்பர்வைசரும் ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார். எங்கள் தெருவே ரொம்ப யோக்கியமாகிவிட்டது. நிஜமாகச் சாகிறவர்கள் மட்டும்தான் சாகிறார்கள்.